'கொடி'யைக் 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளை

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். ஏழெட்டுப் பேருக்கு இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை. இன்னொரு ஏழெட்டுப் பேர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்கிறார்கள். நான் யாருக்குப் பாடம் நடத்துவது?

பதில்: பாடத்தை எல்லோருக்கும் சேர்த்தே நடத்துங்கள் டீச்சர். பிறகு கொடுக்கும் வேலையைத்தான் ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம், ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஆறு பேர் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும். மதிப்பெண் வேண்டாம். எங்கே தடுக்குகிறது என்று குறித்தால் போதும்.

ஏனென்றால், 'வாசிக்க வராது' என்று நாம் மொத்தமாகச் சொல்லும் பிள்ளைகள் ஆளுக்கோர் இடத்தில் தடுக்குகிறார்கள். ஒரு பையன் 'கொடி'யைக் 'கெரடி' என்பான். அவனுக்கு எழுத்து தெரியும். துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்கிறான். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே! கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, அவன் கையாலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு க-வை எடுத்துவிட்டு ப வையுங்கள், ம வையுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வான். அவனை மறுபடி 'அ'விலிருந்து தொடங்க வைத்தால் கூனிக் குறுகிப் போவான். பக்கத்தில் இருப்பவள் ஒவ்வொரு சொல்லையும் கூட்டிச் சரியாகவே வாசிப்பாள். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்திருக்கும். அவளுக்கு அட்டை எதற்கு? ஒரே சின்னப் பத்தியை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும்.

சரி, வகுப்பில் எப்படி? சந்தை பற்றிய பாடம் என்று வையுங்கள். ஒரு குழு அதிலிருந்து ஐந்து சொற்களை அட்டையில் கட்டட்டும். இன்னொரு குழு வாசித்து இரண்டு கேள்விக்குப் பதில் எழுதட்டும். முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அதே சந்தையைக் காய்கறி விற்கும் பாட்டி சொல்வதுபோல எழுதட்டும். முடித்த பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

2022இல் தமிழ்நாட்டில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல ஏற்பாடு. ஆனால் "அரும்பெல்லாம் இங்கே வா" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், அந்தப் பெயர் பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்து அடுக்குங்கள். தமிழில் அரும்பு கணக்கில் மலராக இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை நகரவே இல்லையென்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. சான்று இருந்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். போகும்போது அந்த இரண்டு நிமிடக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அவர்களுக்கு அதுதான் உதவும்.