மதுரையில் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளும் இருதய டாக்டர் யார்?

மேலூர் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்காக நானும் இதே கேள்வியோடுதான் உசிலம்பட்டியில் பஸ் ஏறினேன். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

அட்டையை எடுத்துக்கொள்வது ஆஸ்பத்திரி. டாக்டர் கையில் அது இல்லை. கிளினிக் ஃபீஸ், வெளியில் எடுக்கிற எக்கோ, மாசா மாசம் வாங்கும் மாத்திரை எல்லாம் பெரும்பாலும் நம் கைக்காசுதான். அட்மிஷன் போட்டு ஸ்டென்ட், பைபாஸ், வால்வு ஆபரேஷன் என்று திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சை செய்யும்போதுதான் அட்டை பேசும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை.

இது தெரியாமல்தான் நாங்கள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டோம். வாசலில் காப்பீட்டுத் திட்ட போர்டு இருந்தது. ரிசப்ஷனில் கேட்டதற்கு "உண்டு சார்" என்றார்கள். இரண்டு நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, எங்களுக்கு எலும்புக்கும் கிட்னிக்கும்தான் அனுமதி, இருதயத்துக்குக் கிடையாது என்றார்கள். எங்கள் அம்மா ஒன்றும் பேசவில்லை. காதில் கிடந்த தோட்டைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தத் தோடு சூடாக இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு வீட்டுக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆகவே ரிசப்ஷனில் கேட்காதீர்கள். காப்பீட்டு கவுண்டர் என்று தனியாக இருக்கும், அங்கே போய், "இருதயத்துக்குக் காப்பீடு இருக்கா? ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைக்கணும்னா நீங்களே அப்ரூவல் வாங்குவீங்களா? நாங்க கட்ட வேண்டியது எவ்வளவு?" என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி விசாரிக்கலாம்.

என்னைக் கேட்டால் முதலில் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கே போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையைத்தான் சொல்கிறேன். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து நாங்கள் தவிர்த்த இடம் அது. கடைசியில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது அங்கேதான். இருதயத்துக்கென்று தனித் துறை, ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைக்கிற கேத் லேப் எல்லாம் இருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள், இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிட வேண்டும்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பழைய இசிஜி இருக்கா?" மஞ்சப்பையில் மடித்து வைத்திருந்த மூன்று வருஷத்துக்கு முந்தைய தாளை எடுத்துக் கொடுத்தேன். புதுசையும் பழசையும் மேஜையில் அக்கம்பக்கமாக வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இது புதுசு" என்றார். அன்றைக்கே அட்மிஷன். அந்தத் தாளைக் குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அட்டையில் உங்கள் அம்மாவின் பெயர் இருக்கிறதா, ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அதே எழுத்துதானா என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுக்கு இனிஷியல் மாறியிருந்ததால் அரை நாள் போனது. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது அட்டையே இல்லையென்றால், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் எடுக்கலாம்.

இன்னொன்று, அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சு வலித்தால் மதுரைக்குக் கார் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் அதைக் கொடுத்துத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காப்பீட்டுப் பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். மாட்டுத்தாவணியில் இறங்கினால் கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது, ஆனாலும் அம்மாவுக்கு ஆட்டோ வைத்துவிடுங்கள். பழைய இசிஜி இருந்தால் பையில் முதலில் அதை எடுத்து வையுங்கள்.