மூன்று மாத காண்ட்ராக்டை நம்பி நிரந்தர வேலையை விடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதிலுக்குப் போகும் முன் ஒன்று. காண்ட்ராக்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்றில் நீங்கள் ஊழியர்: பே ஸ்லிப் வரும், பி.எஃப். பிடிப்பார்கள், ஆர்டரில் முடிவுத் தேதி மட்டும் போட்டிருக்கும். இன்னொன்றில் நீங்கள் ஆலோசகர்: மாதாமாதம் நீங்கள் பில் அனுப்புவீர்கள், அவர்கள் டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம் போக மீதியைப் போடுவார்கள். உங்களுக்கு வந்திருப்பது எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் நான்கு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. சம்பளம் ஒரு லட்சம், பேசிக் 48,000. வேறு இடத்தில் ஆலோசகராக 1,40,000 தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்களாம். இப்போதைய வேலையில் நோட்டீஸ் மூன்று மாதம். அதற்கான பணத்தைத் தாங்களே கட்டுவதாகவும் உடனே வரும்படியும் சொல்கிறார்கள். போகலாமா? (வாசகர், சென்னை)

உடனே போகாதீர்கள். வேலையை விடும்போது நிறுவனம் மொத்தமாகத் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை செய்யும் இடங்களுக்கு அது 190 நாள். நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். இன்று ராஜினாமா கொடுத்து மூன்று மாதத்தையும் முழுசாக வேலை பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். 48,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள்: சுமார் 1,38,000 ரூபாய். புது இடத்தார் நோட்டீஸுக்குக் கட்டும் பணத்தால் அவர்களுக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும், உங்களுக்கு இந்தத் தொகை போய்விடும். ஐந்து வருஷம் முழுசாக முடியவில்லை என்று எச்.ஆர். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம்.

இனி சம்பளம். இப்போது உங்களுக்கு வருஷத்துக்கு 12 லட்சம் சம்பளம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு சுமார் 69,000, கிராஜுவிட்டி ஏறுவது சுமார் 27,700. ஆக 13 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. காண்ட்ராக்டில் பன்னிரண்டு மாதமும் வேலை இருந்தால் 16.8 லட்சம். நடுவில் மூன்று மாதம் சும்மா உட்கார நேர்ந்தால் 12.6 லட்சம்தான். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டையும் உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், லீவு போட்டால் அன்றைய பணமும் வராது. என்னைக் கேட்டால், ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, 1,60,000 கேட்டுப் பாருங்கள்.

நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். என் முதல் காண்ட்ராக்ட் ஒரு மார்ச் 31-இல் முடிந்தது. “லெட்டர் வந்துடும் சார், நீங்க வாங்க” என்றார்கள். ஏப்ரல் 1 காலை அடையாள அட்டையை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. ரிசப்ஷனில் விசிட்டர் சீட்டு எழுதிக்கொண்டு உள்ளே போய் வேலை பார்த்தேன். கடிதம் 4-ஆம் தேதி வந்தது, அன்றைய தேதியிட்டு. முந்தைய மூன்று நாளுக்குச் சம்பளம் கிடைக்கவே இல்லை.

கேள்வி: கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த வருஷம் குழந்தைக்குத் திட்டம். ஒரு வருஷ காண்ட்ராக்ட் வந்திருக்கிறது. பிரசவ விடுப்பு கிடைக்குமா? (வாசகி, கோவை)

பே ஸ்லிப் வரும் வேலை என்றால் கிடைக்கும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. விடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே காண்ட்ராக்ட் முடிந்தாலும் அந்தப் பலனை முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பில் அனுப்பும் ஆலோசகர் என்றால் இது எதுவும் பொருந்தாது.

காப்பீட்டையும் பாருங்கள், தங்கையே. இப்போதைய அலுவலகத்தின் குரூப் பாலிசியில் பிரசவச் செலவு வருகிறதா? வெளியே தனியாக எடுக்கும் பாலிசிகளில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அடுத்த வருஷத்துக்குள் அது முடியும் என்று எண்ண வேண்டாம். ஆலோசகர் வேலை என்றால், குழந்தை பிறக்கும் வரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்பதுதான் என் யோசனை.

கேள்வி: காண்ட்ராக்டுக்கு மாறியதும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா? சர்வீஸ் எட்டு வருஷம். (வாசகர், மதுரை)

வேண்டாம். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டுதான் பாக்கி. பென்ஷன் பங்கை எடுத்துவிட்டால் அந்த எட்டு வருஷமும் கணக்கிலிருந்து போய்விடும். பிற்பாடு பி.எஃப். உள்ள வேலைக்குப் போனால் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு, இதுவரை பார்த்த சர்வீஸுக்கு அத்தாட்சியான ஸ்கீம் சர்ட்டிபிகேட்டை பி.எஃப். அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். பி.எஃப். உறுப்பினருக்கு இருக்கும் ஆயுள் காப்பீடு வேலையோடு நின்றுவிடும் என்பதால், ஒரு டேர்ம் பாலிசியும் எடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கப் போகிறோம். அதற்கு முன் காண்ட்ராக்டுக்கு மாறலாமா? (வாசகி, திருச்சி)

சம்பளக்காரராக இருக்கும்போது கடன் கிடைப்பது எளிது. ஆலோசகர் ஆகிவிட்டால் வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்கும். வேலையை விடப் போவதை மறைத்துக் கடன் வாங்காதீர்கள். வீடு முக்கியம் என்றால் மாறுவதைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: என் தம்பி சின்னப் பட்டறையில் நிரந்தரமாக இருந்தான். “பின்னால் பர்மனென்ட் ஆக்குவோம்” என்று பெரிய தொழிற்சாலையில் சேர்த்தார்கள். இரண்டு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். (வாசகர், ஓசூர்)

அந்த இரண்டு நாள் இடைவெளியை எதற்கு விடுகிறார்கள் என்பது தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் காட்டத்தான் இந்த நிறுத்தம். வேலையைக் கொடுக்காமல் நிர்வாகமே நிறுத்தி வைத்த நாள், தம்பி தானாக நின்ற நாள் ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது.

தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: முடிவுத் தேதி அச்சடித்த கேட் பாஸ் எல்லாவற்றையும், திருப்பிக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வைக்கட்டும். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் யார் பெயரில் பணம் ஏறியிருக்கிறது என்று பார்க்கட்டும். தொழிற்சாலையின் பெயர் இருந்தால் வழி சுலபம். மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருந்தால், ஏஜென்சி வெறும் பெயருக்குத்தான் என்பதை நிரூபிக்க வேண்டும்; சூப்பர்வைசர் யார், ஷிஃப்ட் போட்டது யார் என்பதெல்லாம் அங்கே சாட்சி. இந்தக் காகிதங்களோடு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ பார்க்கட்டும், அடுத்த இரண்டு நாள் நிறுத்தம் வருவதற்கு முன்பே.