வகைக்கெழுச் சமன்பாட்டின் சமநிலைப் புள்ளியில் வகைக்கெழு பூச்சியம் வந்தால், அந்தப் புள்ளி நிலையானதா நிலையற்றதா?

இரண்டும் இல்லை. வகைக்கெழுவின் குறியைப் பார்க்கும் சோதனை வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். "நடுநிலை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவுகிறவர்கள் ஏராளம். நீங்களும் அங்கேதான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சமன்பாட்டை ய′ = ச(ய) என்று வைப்போம்; ய′ என்பது நேரத்தோடு ய மாறும் வேகம். வலப்பக்கத்தில் நேரம் தனியாக வராது. ச(ய) பூச்சியமாகும் இடங்களே சமநிலைப் புள்ளிகள்; அங்கே ய மாறாமல் நிற்கும். சற்று விலகினாலும் ய திரும்பி வந்தால் அந்தப் புள்ளி நிலையானது, விலகி ஓடினால் நிலையற்றது. அங்கே ச-வின் வகைக்கெழு மைனஸ் என்றால் நிலையானது, ப்ளஸ் என்றால் நிலையற்றது என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஏன் என்று சொல்வதில்லை. மைனஸ் என்றால் ச அங்கே இறங்குகிறது: புள்ளிக்கு இடப்புறம் ப்ளஸ், வலப்புறம் மைனஸ். ச ப்ளஸ் என்றால் ய கூடும், மைனஸ் என்றால் குறையும். ஆக இரு பக்கமிருந்தும் ய புள்ளியை நோக்கியே வரும். தீர்ப்பைச் சொல்வது இந்தக் குறிகள்தான். வகைக்கெழு அதற்கு ஒரு குறுக்குவழி.

ச(ய)-வாக −ய³, ய³, ய² எதை வைத்தாலும் 0-இல் வகைக்கெழு பூச்சியம். குறிகளைப் பாருங்கள். −ய³ நிலையானது. ய³ நிலையற்றது. ய² இரு பக்கமும் ப்ளஸ்; கீழிருந்து வருவது புள்ளியை நெருங்கும், மேலே இருப்பது விலகி ஓடும். இது அரை நிலையானது.

ய² ஆளை ஏமாற்றும். 0.01-இல் தொடங்கினால் நேரம் 50-இல் 0.02தான். வரைபடம் படுத்தே கிடக்கும், "நிலையானது" என்று எழுதத் தோன்றும். 90-இல் 0.1, 99-இல் 1. நேரம் 100-ஐ நெருங்கும்போது முடிவிலிக்கே போய்விடும். −ய³ நிலையானதுதான், ஆனால் சோம்பேறி: 1-இலிருந்து 0.1-க்கு இறங்க 49.5 ஆகும்; ய′ = −ய அதையே சுமார் 2.3-இல் முடித்துவிடும்.

இதெல்லாம் வெறும் பரீட்சை வித்தை என்பவர்களுக்கு: மீன்வளக் கணக்கில் ய′ = ய(1 − ய) − அ என்று வரும், ய என்பது மீன் இருப்பு, அ என்பது பிடிக்கும் அளவு. அ = 0.24 என்றால் சமநிலைகள் 0.4, 0.6. வகைக்கெழு 1 − 2ய, ஆகவே 0.6 நிலையானது, 0.4 நிலையற்றது, 0.4-க்குக் கீழே போன இருப்பு மீளாது. அ = 0.25 ஆனதும் இரண்டும் 0.5-இல் ஒன்று சேரும், வகைக்கெழு பூச்சியமாகும். 0.26-இல் சமநிலையே கிடையாது, எங்கே தொடங்கினாலும் இருப்பு தீர்ந்துவிடும். வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தில்தான் கதையே மாறுகிறது. அதைப் போய் விதிவிலக்கு என்று ஒதுக்கலாமா?

சமன்பாட்டை முதலில் தீர்த்தே ஆகவேண்டும் என்று பகுதிப் பின்னங்களில் இரண்டு பக்கம் எழுத வைப்பது எனக்கு எரிச்சல். குறி பார்க்கத் தீர்வே தேவையில்லை. போதாததற்கு, ய²-ஆல் வகுத்ததும் ய = 0 என்ற தீர்வு கைநழுவிவிடும்; அதைத் திரும்பச் சேர்க்க மறந்து மதிப்பெண் போகிறது.

லிப்ஷிட்ஸ் நிபந்தனை (ச-வின் சரிவு எல்லையின்றிச் செங்குத்தாகக் கூடாது என்பது) எங்கே என்று கேட்க வருபவர்களுக்கு: ஆம், ச ஒழுங்கானது என்று எடுத்துக்கொண்டேன். ய′ = −√ய போன்றவை வரையறுத்த நேரத்திலேயே 0-ஐத் தொட்டுவிடும்; மேலே சொன்னவற்றில் எந்தத் தீர்வும் வெளியிலிருந்து சமநிலையைத் தொடாது, நெருங்க மட்டுமே செய்யும்.

கணினியில் ஆய்லர் முறையால் (நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் அப்போதைய வேகத்திலேயே ய-வை நகர்த்தும் முறை) சரிபார்த்தால் படியின் அளவைக் கவனியுங்கள். ய′ = −50ய சந்தேகமின்றி நிலையானது. படி 0.05 என்றால் ஒவ்வொரு முறையும் ய −1.5-ஆல் பெருக்கப்பட்டு, மேலும் கீழுமாக ஆடி வெடிக்கும். ய′ மட்டுமே வரும், அதாவது முதல் வரிசையிலான இப்படிப்பட்ட சமன்பாட்டின் உண்மைத் தீர்வு ஒருபோதும் அலையாது. ஆட்டம் தெரிந்தால் படியைக் குறையுங்கள்: இங்கே 0.04-க்குக் கீழே வெடிக்காது, 0.02-க்குக் கீழே ஆடவும் செய்யாது.