அறுபதுக்குப் பிறகு அயல்நாட்டு ஊழியம்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள். மலாவி நாட்டில் பதினெட்டு மாதம் ஊழியம் செய்ய ஒரு மிஷனரி அமைப்பு அழைத்திருக்கிறது. நீங்களும் அம்மாவும் அங்கே இருந்தவர்கள். அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும்? இந்த வயதில் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சமாளிக்கலாம், ஐயா. ஆனால் ஊழியம் என்றதும் பிரசங்கமும் கூட்டமும் மனத்தில் வந்தால் அவற்றைச் சற்று ஒதுக்கி வையுங்கள். பிளாண்டயர் நகரில் நாங்கள் இருந்த இரண்டு ஆண்டுகளில் பகற்பொழுதின் பாதி, தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டுவதிலும், மின்சாரம் இருக்கும்போதே சமையலை முடிப்பதிலும், அது போய்விட்டால் கரியடுப்பைப் பற்றவைப்பதிலுமே கழிந்தது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள ஊர் என்பதால் ஜூன், ஜூலை விடியற்காலையில் கம்பளிச் சட்டை வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நம்பி நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. மலேரியா உண்டு, கொசுவலை இல்லாமல் ஓர் இரவும் படுக்காதீர்கள், தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்கு நம் ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மக்காச்சோள மாவில் கிண்டும் ‘ன்சிமா’ நம் களிக்கு உறவு. மரச்சீனிக் கிழங்கும் கிடைக்கும். மலாவி ஏரியில் பிடித்து உலர்த்திய ‘உசிபா’ என்ற சிறு மீனைச் சந்தையில் கண்டதும், நெத்திலிக் கருவாடு என்றே எண்ணி என் மனைவி ஒரு கூறு வாங்கிவிட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதத்தில் எனக்கு வேதபாட வகுப்பு என்று எழுதியிருந்தார்கள். மனைவியின் பெயருக்கு எதிரே ‘துணை’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. முப்பது ஆண்டு செவிலியராக ஓடியாடியவர், முதல் ஆறு வாரம் ஜன்னலருகே அமர்ந்து நான் திரும்பும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு ஆலயத் திண்ணையில் துருவேறிக் கிடந்த தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, பொத்தான் துளைக்கு ஓரம் தைக்க நான்கு பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பின்புதான், ‘எப்போது ஊருக்குப் போவோம்?’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. நான் ‘ஸிகோமோ’ என்று நன்றி சொல்வதைத் தாண்டுவதற்குள், அவர் அந்தப் பெண்களை அவர்களுடைய சிச்சேவா மொழியிலேயே அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு மிஷனரிகளாக வந்த மால்ட் தம்பதியில், பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்பித்தவர் மார்த்தா அம்மையார். சார்லஸ் மால்ட்டின் பிரசங்கம் ஒன்றுகூட இன்று நமக்குத் தெரியாது. ரேந்தையை நம் பாட்டிமாரின் விரல்கள் அறிந்திருந்தன. ஆகவே, சம்மதம் சொல்லுமுன் அம்மாவுக்கு என்ன வேலை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் பேசுவது எளிது. நம் நேரம் மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே மாலை ஐந்தரை என்றால் இங்கே இரவு ஒன்பது, குடும்ப ஜெபம் முடிந்திருக்கும். ஓய்வூதியர் நேர்காணலுக்கு வெளிநாட்டிலிருந்து வாழ்நாள் சான்று அனுப்பும் முறையைக் கருவூலத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.