சமையலறையை இடிப்பது பண்டிகைக்கு முன்பா, பின்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. சமையலறையை முழுக்க இடித்துப் புதிதாக அமைக்கவும் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கவும் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். பண்டிகைக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருபது பேராவது சாப்பிடுவார்கள். மேஸ்திரி ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இப்போதே தொடங்கினால் பண்டிகைச் சமையலைப் புதுச் சமையலறையிலேயே செய்யலாமே என்கிறேன் நான். பண்டிகை முடியட்டும் என்கிறார் என் மனைவி.

இது போதாதென்று இன்னும் இரண்டு வழக்குகள். என் வீட்டில் பண்டிகைக்கு முதல்நாள் இரவே பாதிச் சமையலை முடித்துவிடுவார்கள். மனைவி வீட்டில் எல்லாமே அன்று காலையில்தான் அடுப்பேறும். இரண்டு வழக்கத்தையும் விடாமல் செய்வதால் அன்று சமையலறையில் நாங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறோம். அடுத்தது மேடை உயரம். நான் நல்ல உயரம், அவர் என் தோளுக்குத்தான் வருவார். யாருக்கேற்ற மேடை போடுவது?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. சமையலறையைப் பண்டிகைக்குப் பிறகு தொடுங்கள். கூடத்தை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள்.

மேஸ்திரி உங்களை ஏமாற்றவில்லை. அவர் ஆள் நின்று வேலை செய்யும் நாட்களைக் கூட்டிச் சொல்கிறார். இடிக்க 4 நாள், பிளம்பிங்குக்கும் வயரிங்குக்கும் சுவரில் காடி வெட்டிக் குழாய் புதைக்க 7, பூச்சுக்கு 4, தரை டைலுக்கு 5, அலமாரி பொருத்த 4, மேடைக் கல்லுக்கு 2, சுவர் டைலுக்கு 4, பெயின்டுக்கு 6, சிங்க், அடுப்பு, சிம்னி இணைப்புக்கு 2. மொத்தம் 38 நாள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஆறு வாரத்துக்குச் சற்று மேல். ஆள் இல்லாமல் வீடு சும்மா கிடக்க வேண்டிய நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை.

சிமென்ட் பூச்சை ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். விடாவிட்டால் சிமென்ட் முழுதாக இறுகாமல் மாவாக உதிரும், நூல் விரிசல் விழும். தண்ணீர் விட்ட சுவர் பெயின்டுக்குத் தயாராக, பூசிய நாளிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் பெயின்டைத் தள்ளிக் கொப்புளமாக்கும். ஈரத்தோடு வெளியே வரும் உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

அதைவிடப் பெரிய தாமதம் அலமாரியில். பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான் அலமாரிக்குச் சரியான அளவு எடுக்க முடியும். பழைய சுவரை அளந்து முன்கூட்டியே செய்யச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். இரு பக்கச் சுவரிலும் புதுப் பூச்சு பழையதைவிட ஒன்றரை செ.மீ. தடித்துவிட்டாலே இடையில் 3 செ.மீ. குறைந்துவிடும். 240 செ.மீ. அலமாரி 237 செ.மீ. இடத்தில் நுழையாது. அளவெடுத்த பிறகு பட்டறையில் செய்து வர நான்கு வாரம் என்று வையுங்கள். கீழ் அலமாரியை மட்டம் பார்த்துப் பொருத்திய பிறகே மேடைக் கல்லுக்கு அச்சு எடுப்பார்கள். கல் வெட்டி வர இன்னும் ஒரு வாரம், பத்து நாள்.

கூட்டிப் பாருங்கள். இடிப்பிலிருந்து தரை டைல் வரை நான்கு வாரம், அலமாரிக்கு நான்கு வாரம், பொருத்தவும் கல்லுக்குமாக இரண்டு வாரம். உங்களிடம் இருக்கும் பத்து வாரமும் இதிலேயே போய்விட்டது. சுவர் டைலும் சிங்க்கும் அடுப்பு இணைப்பும் இன்னும் பாக்கி. அளவு தவறிய ஒரு பலகை, வராத ஒரு பிளம்பர் என்று எதையும் நான் சேர்க்கவே இல்லை. அவசரப்படுத்தினால் மேஸ்திரி எதைக் குறைப்பார்? ஆள் வேலையைக் குறைக்க முடியாது. காயவிடும் நாளைத்தான் குறைப்பார்.

கூடம் அப்படியல்ல. பூச்சு பழையது, காய்ந்தது. முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகப்படும் இடத்தில் அரை மீட்டர் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குழாய்க் கசிவோ வெளிச்சுவர் விரிசலோ, அதைச் சரிசெய்யாமல் அங்கே பட்டி பூசினால் பண்டிகைக்கு முன்பே பெயர்ந்து நிற்கும். வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், கவலை வேண்டாம். பழைய வீடு என்பதால் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விழும் கசடை ஈரத் துணியால் வழித்தெடுக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கோட் பண்டிகைக்கு நான்கு வாரம் முன்பு முடிந்திருக்க வேண்டும். எமல்ஷன் பெயின்ட் ஓரிரு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காய்ந்துவிடும், ஆனால் முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் தோரணத்தையோ சீரியல் விளக்கையோ டேப்பால் ஒட்டினால், கழற்றும்போது பெயின்ட் தோலாக உரிந்து வரும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். பெயின்ட் வாடை இருக்கும் நாட்களில் வெண்ணெய், எண்ணெய், மாவு மூன்றையும் இறுக மூடி வையுங்கள். கொழுப்புள்ள பொருட்கள் வாடையை இழுத்துக்கொள்ளும்.

சமையலறையை இப்போது தொடாமலிருப்பதில் உங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. புதுச் சமையலறைக்குப் படம் போட, வருஷத்திலேயே அதிகச் சுமை ஏறும் அந்த ஒரு நாளை முழுதாகக் கவனிக்கலாம். பட்டறைக்காரர் காட்டும் படங்களில் ஓர் ஆள் நின்று ஒரு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அந்தச் சமையலறை பயன்படாது. சுவரில் ஒரு தாள் ஒட்டி, அன்று எங்கே இடித்துக்கொண்டீர்கள், எதை வைக்க இடமில்லாமல் கையில் ஏந்தி நின்றீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை பிளக் வேண்டியிருந்தது என்று இருவரும் அப்போதைக்கப்போது குறித்து வாருங்கள். மறுநாள் யோசித்து எழுதினால் பாதி மறந்திருக்கும்.

உங்கள் இரு வீட்டு வழக்கங்களும் கேட்பது இரண்டு வெவ்வேறு சமையலறைகள். முதல்நாள் சமையலுக்கு ஆறவைக்கும் இடமும் குளிர்ப்பெட்டியும் வேண்டும். சமைத்ததைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கெடுவது அங்கேதான் தொடங்கும். அகலத் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி, 4 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அந்தத் தட்டுகளை இறக்க குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே 40 செ.மீ. காலி மேடை இருக்கட்டும். மறுநாள் சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

அன்று காலைச் சமையலுக்கு வேண்டியது அடுப்பும் நிற்கும் இடமும். 60 செ.மீ. அகல அடுப்பில் பர்னர் நான்கு இருந்தாலும் 30 செ.மீ. பாத்திரம் இரண்டு ஏறிவிட்டால் மற்ற இரண்டு பர்னரும் அலங்காரம்தான். இடமிருந்தால் 90 செ.மீ. அடுப்புக்குப் போங்கள். உங்கள் வீட்டின் மிகப் பெரிய பண்டிகைப் பாத்திரத்தைக் கடைக்கே எடுத்துப்போய் அடுப்பிலும் சிங்க்கிலும் வைத்துப் பாருங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. சிங்க்கில் படுக்காத பாத்திரத்தைக் கடைசியில் குளியலறையில்தான் கழுவ வேண்டியிருக்கும்.

நடைபாதை ஒருவர் சமைக்க 105 செ.மீ. போதும், இருவர் முதுகோடு முதுகாக வேலை செய்ய 120 செ.மீ. வேண்டும். இதை மேடை விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க அலமாரியின் கைப்பிடி வரை அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளந்தால் தவறும். குளிர்ப்பெட்டிக் கதவும் ஓவன் கதவும் திறந்திருக்கும்போது ஆள் போக முடிகிறதா என்று சாக்பீஸால் தரையில் வரைந்தே பார்த்துவிடலாம்.

உயர வழக்குக்கு வருகிறேன். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருக்க வேண்டும். இருவருக்கும் தனித்தனியாக அளந்து சராசரி போடாதீர்கள். அது இருவருக்குமே வலிக்கும் உயரம். வேலைக்கு வேலை உயரம் மாறும். அடுப்பின் மேல் பாத்திரத்தின் உயரமும் சேருவதால் அடுப்புப் பகுதி தாழ்ந்திருக்கலாம். சிங்க்கில் கை போவது மேடைக்கு 20 செ.மீ. கீழே என்பதால் சிங்க் பகுதி உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே அடுப்பும் நறுக்கும் மேடையும் உங்கள் மனைவி அளவுக்கு, சிங்க் மட்டும் 8 முதல் 10 செ.மீ. உயர்த்தி உங்கள் அளவுக்கு. இதன் பொருள், பாத்திரம் கழுவும் வேலை இனி நிரந்தரமாக உங்களுடையது. நீங்கள் நறுக்கும்போது 6 செ.மீ. கனமுள்ள மரப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம். உயரம் மாறும் படியை அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள். கனமான பாத்திரத்தை மேடையோடு நகர்த்த முடியாமல் தூக்க வேண்டிவரும். சிம்னி, கேஸ் அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் வரும் என்பதால் அடுப்பு உயரம் முடிவான பிறகே அதற்கான பிளக்கும் ஓட்டையும்.

பண்டிகை முடிந்து வேலை தொடங்கும்போது கூடத்தில் ஒரு தற்காலிக அடுக்களை போட்டுக்கொள்வீர்கள். ஒரு மேசை, ஓர் இண்டக்ஷன், ஒரு கெட்டில். 2000 வாட் இண்டக்ஷனையும் 1500 வாட் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள், தனித்தனி பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விட்டால் சூடு வெளியேறாமல் உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள். பொரியல் வேலை எதுவும் அங்கே வேண்டாம், புதுப் பெயின்டில் எண்ணெய்ப் படலம் படியும். குளிர்ப்பெட்டியை இடிப்புக்கு முதல்நாளே வெளியே கொண்டுவாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பின்கம்பிகளில் தூசி அடைத்தால் அதன் மோட்டார் ஓயாமல் ஓடும். பாத்திரம் குளியலறையில் கழுவும் நாட்களில் எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், முடியோடு எண்ணெய் சேர்ந்தால் அந்தச் சிறிய குழாய் அடைத்துக்கொள்ளும்.

பழைய சிங்க்கைக் கழற்றும் அன்றே சுவரில் தெரியும் கழிவுக்குழாய் வாயை மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுத்துக்கொண்டிருந்தது. சிங்க்கோடு அதுவும் போய்விடும். துணி திணித்து வைப்பது போதாது. டைல் இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவையான க்ரவுட் போடுகிறவர்கள் கை கழுவ அந்த வாயைத் தேடித் திறப்பார்கள். க்ரவுட் கரைந்த தண்ணீர் உள்ளே போனால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகும். அவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கெட் கொடுத்துவிடுங்கள்.