ராகு காலம் பார்ப்பது அறிவியலுக்கு எதிரானதா?

கேள்வி: சிங்கப்பூரில் இருந்துகொண்டு ராகு காலம் பார்ப்பவர்கள் அறிவியலை நம்பாதவர்களா?

எங்கள் மாமாவை வைத்துச் சொல்கிறேன். புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கப் போன திங்கட்கிழமை, சென்னைக் காலண்டரைப் பார்த்து ஏழரை முதல் ஒன்பது வரை நாற்காலியை விட்டு நகரவில்லை. 9:05க்குக் கிளம்பினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்!

ராகு காலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பிரித்து எடுக்கும் ஒரு பங்கு. திங்களன்று இரண்டாவது பங்கு. ஏழரை என்பது சூரியன் 6 மணிக்கு உதித்தால் வரும் கணக்கு. இங்கே உதிப்பதோ ஏறக்குறைய 7 மணிக்கு. ஆக, சிங்கப்பூர் ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து வரை. மாமா காத்திருந்து, சரியாக அதன் நடுவில் வாசற்படி தாண்டியிருக்கிறார்.

ஏன் 7 மணி? நாம் இருப்பது கிழக்கே சுமார் 104 பாகையில். 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்குப்படி லண்டனின் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம்கூட முழுதாக முந்தியில்லை. கடிகாரமோ எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது, சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. ராகுவும் பேசாமல் அரை மணி தள்ளிப் போனார்!

ராகுவும் கேதுவும், சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணங்கள் அவற்றின் அருகில்தான் நிகழும். இது சுத்தமான வானியல். அந்தப் புள்ளிக்கு மாமாவின் சாவிமேல் என்ன கோபம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். “அதான் குளியலறைக் குழாய் ஒழுகுது” என்றார்.