மறுமொழி: 'வன்முறை'க்கு மாற்றுச் சொல்

ஒரே பத்தியில் 'வன்முறை' ஐந்து முறை வருகிறது, கலவரம், வன்கொடுமை, அடிதடி என்று மாற்றிப் போடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். செய்தியே மாறிவிடும்.

'கலவரம்' என்றால் கூட்டம் திரண்டு ஊர் அமைதி கெட வேண்டும். ஒரு தரப்பு அடித்து மறுதரப்பு அடிவாங்கிய இடத்தில் அதைப் போட்டால் பழி இருவர் மீதும் விழும். அது பெரிய அநியாயம். அங்கே 'தாக்குதல்' என்று எழுதி, யார் யாரைத் தாக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். 'கைகலப்பு', 'அடிதடி' இரண்டுக்கும் இருதரப்பும் கை ஓங்கியிருக்க வேண்டும்.

'வன்கொடுமை' இந்தியச் செய்தி நடையில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை, அதாவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான குற்றங்களை நினைவூட்டும். முன்னால் 'பாலியல்' சேர்ந்தால் வேறு குற்றம். 'குடும்ப வன்முறை' 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல், அது வரும் இடத்தில் மாற்றாமல் அப்படியே விடுங்கள். அரசு செய்தால் 'அடக்குமுறை'. 'பலாத்காரம்' இன்று வல்லுறவு என்றே வாசிக்கப்படும். ஏறக்குறைய நேர் மாற்று 'வன்செயல்' ஒன்றுதான். இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்குகிறது.

உங்கள் மூன்றாவது வரி, 'கும்பல் கடைகள் மீது வன்முறை நடத்தியது'. இதற்கு மாற்றுப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. நடந்ததையே சொல்லுங்கள், உதாரணமாக: 'கும்பல் கடைகளின் கண்ணாடியை உடைத்தது.'